வடிவாக எழுதியவள்

ரூஜ், ஸ்காபரோ
2 ஏப்ரல் 2024

அன்புள்ள ஸபியா அவர்களுக்கு,

இந்தக் கடிதம் உங்களைத் திடுக்கிட வைக்கக்கூடும். நான் குணவதி. நாற்பது வருடத்துக்கு முன் நாங்கள் ரஷ்யாவில் மருத்துவம் படித்த நாட்களில், மாணவர் விடுதியின் ஐந்தாம் மாடியில் உங்கள் அறைக்கு எதிர் அறையில் இருந்தவள். தோழர் ஸ்ரீதரனின் மனைவி. அவர் பெப்ரவரியில் காலமாகிவிட்டதை என் மகள் கௌசி உங்களிடம் சொல்லியிருப்பாள்.

உங்களைக் கண்ட அன்று அவள் பார்க்டேலிலிருந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, அப்பாவோட படிச்ச அன்ரி ஒராளைக் கண்டுபிடிச்சிட்டன்" என்றாள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு உதவும் வேலையாக உங்கள் கட்டடத்துக்கு அவள் வந்துபோவது எனக்குத் தெரியும். நீங்கள் மேற்பார்வையாளனை ரஷ்ய மொழியில் ஏசிக்கொண்டு நின்றதாகவும், தான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததாகவும் சொன்னாள். மே ஐந்தாம் திகதி அப்பாவின் நினைவுக் கூட்டத்தில் பேச நீங்கள் சம்மதித்ததாகவும் சொன்னாள். என் கையிலிருந்த தேத்தண்ணி ஊற்றுப்பட்டது. அவள் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

நான் எழுத வந்தது இதுதான். உங்களுக்கு முழங்கால் வருத்தம், லிப்டும் வேலை செய்யவில்லை என்று அறிந்தேன். பதினொரு மாடி இறங்கி, பஸ் மாறி, ஸ்காபரோ வரை வருவது பெரிய அலைச்சல். வராவிட்டால் யாரும் குறையாக எடுக்க மாட்டார்கள். கூட்டத்தில் வெளியிடும் நினைவு மலருக்கு நான்கு வரி எழுதி அனுப்பினால் போதும். அதுவும் கட்டாயமில்லை.

தயவுசெய்து தொலைபேசியில் அழைக்க வேண்டாம். கௌசி அதிக நாள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். தபால் பெட்டியை நான்தான் திறப்பது.

இப்படிக்கு,
குணவதி ஸ்ரீதரன்


பார்க்டேல்
8 ஏப்ரல்

குணா,

எப்போது தொடக்கம் நான் உமக்கு "நீங்கள்" ஆனேன்? ஒரே சட்டியில் உருளைக்கிழங்கு அவித்துத் தின்றவர்கள் நாங்கள். மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்று வாங்கிய தோடம்பழத்தின் தோலை வீசாமல், வாசத்துக்காகத் தலையணைக்குள் வைத்துப் படுத்தவர் நீர். இப்போது எனக்கு வட்டாரக் காரியாலயம் அனுப்பிய கடிதம் போல எழுதியிருக்கிறீர்.

ஸ்ரீதரன் போனதுக்கு என் அனுதாபம். நோன்பு மாதத்தில் பொய் எழுதக்கூடாது. ஆகையால் அதற்கு மேல் எழுதவில்லை.

உம்முடைய மகள் கெட்டிக்காரி. எங்கள் குடியிருப்போர் குழுவின் தலைவர் றிச்சர்ட்டும் எங்கள் தமிழ் ஆள்தான், நல்ல மனிசன். ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தால் திருப்பித் தரமாட்டார், அவ்வளவுதான். அவர் பேசுவதெல்லாம் கௌசி எழுதிக் கொடுப்பது. வீட்டுக்காரக் கம்பனிக்குப் போகும் கடிதம், பத்திரிகைக்குப் போகும் அறிக்கை, எல்லாம் அவள் எழுத்து. வாசிக்க எங்கள் வயிற்றெரிச்சல் எங்களுக்கே வடிவாகத் தெரியும்.

முழங்காலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மகன் ஸஜீத் காரில் கொண்டுவந்து விடுவான். கட்டாயம் வருவேன்.

ஒரு கேள்வி. ஏன் கம்பியூட்டரில் அடித்து அனுப்பினீர்? பேராசிரியர்கள்கூட உம்முடைய கொப்பியைத் தூக்கிக் காட்டி, "ஒரு வெளிநாட்டுப் பிள்ளை எழுதுகிறாள், பாருங்கள்" என்பார்கள். உம்முடைய கையெழுத்தை நான் மறக்கவில்லை.

இன்னொன்று. கூட்டத்தில் நான் என்ன சொல்லிவிடுவேன் என்று பயப்படுகிறீர்?

ஸபியா


ரூஜ்
13 ஏப்ரல்

அன்பின் ஸபியா,

பெருநாள் வாழ்த்துகள். பிந்திவிட்டது.

விரல்களில் வாதம். அதனால்தான் அடித்து அனுப்புகிறேன்.

உம்முடைய கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. பிரஷரும் ஏறிவிட்டது. இனி மறைத்துப் பயனில்லை. உம்மைப் படிப்பை நிறுத்தி ஊருக்குத் திருப்பி அனுப்பியது ஏன் என்று எனக்குத் தெரியும். மாணவர் சங்கச் செயலாளராக இருந்தபோது ஸ்ரீதரன் வெளிநாட்டு மாணவர் பொறுப்பதிகாரிக்கு உம்மைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். அது பிழை. பெரும் பிழை. ஆனால் நம்பும், நீர் போன பிறகுதான் அவர் எனக்குச் சொன்னார். அந்தக் காலத்தில் அப்படித்தான். எழுதாதவனைப் பற்றி இன்னொருவன் எழுதுவான்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாரும். கௌசிக்கு அப்பா என்றால் உயிர். மலருக்கு அவள் எழுதிய முன்னுரையில், "எனக்குப் பெண்ணியம் சொல்லித் தந்த முதல் ஆண் என் அப்பா" என்று தொடங்குகிறாள். பெண் விடுதலை பற்றி அவர் எழுதிய சிறுநூலைத் திரும்ப அச்சடிக்கிறார்கள். அந்த நூலை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அவர் சொன்னது பத்துப் பக்கம் வரும். அச்சில் வந்தது அறுபத்து நான்கு. மிச்சம் கௌசியை மடியில் போட்டுக்கொண்டு, அடுப்பில் பருப்பு வேக வேக, நான் எழுதியது. இதை யாருக்கும் நான் சொன்னதில்லை. உமக்கு ஏன் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை.

இருபது வருடமாக அவள் செய்கிற வேலை எல்லாம் அந்த மனிதரை நம்பிச் செய்வது. செத்தவரை இனி யாரும் தண்டிக்க முடியாது. அவளைத்தான் தண்டிப்பதாக முடியும். கெஞ்சிக் கேட்கிறேன். வந்தால் எங்கள் விடுதியைப் பற்றி, பனியைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கும்.

குணா


பார்க்டேல்
18 ஏப்ரல்

திருமதி குணவதி ஸ்ரீதரன் அவர்களுக்கு,

விரல் வாதத்துக்கு நல்லெண்ணெய் பூசுங்கள். பொய்க்கு மருந்து எனக்குத் தெரியாது.

அந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டு மேசையில் ஒரு கடதாசியை வைத்தார். ஊதா மை. இரண்டு பக்கம். நான் அதை எடுத்து வாசிக்கவில்லை, வாசிக்கத் தேவையும் இருக்கவில்லை. ஒரு எழுத்தும் கோணாமல் வரிசையாக நின்றது. ஸ்ரீதரனுடைய ரஷ்யன் எனக்குத் தெரியும். பேக்கரியில் பாண் கேட்டால் அந்த மனிசி பட்டன் எடுத்துக் கொடுக்கும்.

அதிகாரி ஒரு வசனத்தை மட்டும் சத்தமாக வாசித்தார். அதை நான் இந்த உலகத்தில் ஒராளுக்குத்தான் சொல்லியிருந்தேன், அதுவும் தமிழில். அது யார் என்று நான் எழுதத் தேவையில்லை.

மிச்சத்தையும் கேளுங்கள். என் வாப்பா யாழ்ப்பாணத்தில் தையல்காரர். கடைச் சுவரில் மக்காவின் படமும் லெனினின் படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். மகள் கட்சிப் புலமைப்பரிசிலில் டொக்டர் ஆகப்போகிறாள் என்று, தைக்க வந்த ஆட்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார். நான் பெட்டியோடு திரும்பி வந்தேன். கட்சி ஒரு பிள்ளையைச் சும்மா அனுப்பாது என்று நினைத்தார். லெனினைக் கழற்றவில்லை, என்னோடுதான் கதைக்கவில்லை. ஐந்து வருடம். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகவேண்டும் என்று இயக்கம் உத்தரவிட்டபோதுதான் முதல் சொல் சொன்னார், "நட மகள்" என்று. அகதி முகாமில் மௌத்தாகும் வரைக்கும் நான் என்ன செய்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பதினெட்டு வருடமாக இந்த ஊரில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து வந்தேன். அந்த மருந்துகளை எழுதிக் கொடுத்திருக்க வேண்டியவள் நான்.

கூட்டத்தில் என்ன பேசுவேன் என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. கம்பியூட்டரில் அடித்த கடிதம் இனி வந்தால் வாசிக்காமல் எறிந்துவிடுவேன்.

ஸபியா


ரூஜ்
24 ஏப்ரல்

ஸபியா,

இது என் கை. விரலில் வாதம் எதுவும் இல்லை.

இப்போது உண்மையை எழுதுகிறேன். நான்கு தரம் எழுதிக் கிழித்துவிட்டு ஐந்தாம் தரம் எழுதுகிறேன். அழகாக வந்தால் கிழித்துவிடுகிறேன்.

உம்முடைய அறைத்தோழி வேரோனிக்காவின் தம்பியை ஆப்கானிஸ்தானிலிருந்து மூடிய துத்தநாகப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். நீர் உத்தரவு வாங்காமல் அவளோடு அவளுடைய ஊருக்குப் போனீர். வெளிநாட்டு மாணவர்களுக்கு அதுவே குற்றம். திரும்பி வந்து, விடுதிச் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு சொன்னீர். பெட்டியைத் திறக்க விடவில்லை என்று, செத்தவீட்டைப் பெரிதாகச் செய்யவேண்டாம் என்று தாய்க்கு ஆள் வந்து சொல்லிப்போனதாக. பிறகு கத்தியை வைத்துவிட்டுக் கேட்டீர். "பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழுறதுக்கும் உத்தரவு கேக்கவேணும் எண்டால், இது என்ன நாடு குணா?"

அன்று பின்னேரமே அதை ஸ்ரீதரனுக்குச் சொன்னேன். காட்டிக்கொடுக்க அல்ல. என் மனதிலும் அதே கேள்வி இருந்தது. அவரிடம் பதில் இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அவர் தன் அரைகுறை ரஷ்யனில் எழுதிய ஒரு தாளோடு வந்தார். சங்கக் கூட்டத்தில் நீர், "தீர்மானம் ஆம்பிளையள், தேத்தண்ணி பொம்பிளையளோ?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தது அவருக்கு ஏற்கனவே ஆறாமல் இருந்தது. அதையும் எழுதியிருந்தார். "இதை வடிவா எழுதித் தாரும்" என்றார்.

ஸபியா, அவர் எழுதியதை அப்படியே கொடுத்திருந்தால் அந்த அதிகாரி சிரித்துவிட்டு மேசை லாச்சிக்குள் போட்டிருப்பார். தலையும் வாலும் இல்லாத எழுத்து அது. நான் அதைத் தூக்கி நிறுத்தினேன். எது முதலில் வரவேண்டும், எது கடைசியில் வந்தால் உறைக்கும் என்று பார்த்துப் பார்த்து மாற்றினேன். உம்முடைய வசனத்தைக் கடைசிக்கு வைத்தது நான். அதைச் செய்தபோது எனக்கு உம்முடைய முகம் ஞாபகம் வரவில்லை. நல்ல கட்டுரை எழுதும்போது வருகிற சந்தோஷம்தான் வந்தது. அதுதான் நாற்பது வருடமாக என்னைத் தின்கிறது. பயந்து செய்தேன் என்றால் ஒரு ஆறுதல் இருந்திருக்கும்.

நீர் விமானம் ஏறிய நாள் நான் நோய் என்று சொல்லிப் படுத்துக்கிடந்தேன். நீர் கதவைத் தட்டினீர். நான் திறக்கவில்லை.

பிறகு என் வாழ்க்கை முழுவதும் அவருக்கு வடிவாக எழுதிக் கொடுத்ததுதான். மேடையில் அவர் பெண்ணடிமைத்தனம் பற்றிப் பேசுவார். நான் மண்டபத்துக்குப் பின்னால் வடை எண்ணிக்கொண்டு நின்று, என் வசனங்களுக்குச் சனம் கைதட்டுவதைக் கேட்பேன். அது எனக்குக் கிடைத்த தண்டனை என்று வைத்துக்கொண்டேன். யோசித்தால் அதுவும் பொய். எனக்கு அந்தக் கைதட்டல் பிடித்திருந்தது.

மலருக்கு "துணைவியின் நினைவுகள்" கேட்டார்கள். விடுதியில் நடந்த எங்கள் கலியாணத்தைப் பற்றி, வேரோனிக்கா செய்து தந்த கேக்கைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது. உம்மைப் பற்றி ஒரு வரி இல்லை.

கௌசிக்குச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவள் இரவுச் சாப்பாட்டுக்கு வந்து இருந்தால் வாயைத் திறக்கிறேன், பிறகு சோறு போடட்டோ என்று கேட்கிறேன். நீர் மேடையில் சொல்லும். தடுக்கமாட்டேன்.

குணா


பார்க்டேல்
28 ஏப்ரல்

குணா,

உம்முடைய கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத ஏலாது. உண்மை எது என்று நாற்பது வருடத்துக்குப் பிறகு ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆனால் நான் இப்போது எழுத இருப்பது வேறு. இருந்து வாசியும்.

நேற்றுக் கௌசி என் குசினிக்கு வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தாள். எங்கள் கட்டடத்தில் ஏழாம் மாடியில் ரிஸ்மியா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். புருசன் இல்லை, இரண்டு குழந்தைகள். அவளை வெளியேற்ற வீட்டுக்காரக் கம்பனி வழக்குப் போட்டிருக்கிறது. குழுதான் அவளுக்காக வழக்கை நடத்துகிறது. போன கூட்டத்தில் இவள் எழும்பி, கம்பனி ஆட்களை றிச்சர்ட் எங்களுக்குச் சொல்லாமல் ஏன் தனியாகச் சந்தித்தார் என்று கேட்டுவிட்டாள். சமோசா பொரிக்கப் பொம்பிளைகள், பேச ஆம்பிளைகளோ என்றும் கேட்டாள்.

இப்போது றிச்சர்ட் சொல்கிறார், அவள் கம்பனிக்குக் கதை கொடுக்கிறவள், ஒற்றுமையைக் குலைக்கிறவள் என்று. வருகிற சனிக்கிழமை கூட்டத்தில் அவளை நீக்கப் போகிறார்களாம். நீக்கினால் குழு அவளுடைய வழக்கைக் கைவிடும். பிள்ளைகளோடு தெருவுக்கு வருவாள். நீக்குகிற அறிக்கையை எழுதித் தரச்சொல்லிக் கேட்டது கௌசியிடம். ரிஸ்மியா நம்பிக்கையாகக் கௌசியிடம் சொன்ன ஒரு விஷயமும் அதில் வருகிறது.

பாதியைக் கௌசி எனக்கு வாசித்துக் காட்டினாள். வசனம் எப்படி என்று கேட்டாள். குணா, அவளுக்கு அந்தப் பிள்ளையில் கோபம் இல்லை. கூட்டுப் போராட்டம் உடையக்கூடாது என்று பயப்படுகிறாள். உம்மைப் போலவே எழுதுகிறாள். எது கடைசியில் வந்தால் உறைக்கும் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

உம்முடைய கதை என் வாய்வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். சொன்னால் நான் அவளுக்குப் இப்போதுதான் கண்டுபிடித்த ஒரு அன்ரி. தகப்பனில் பொறாமை, காய்மகாரம் பிடித்தவள் என்று நினைத்துவிட்டு, மிச்சப் பாதியையும் எழுதுவாள். இது என் வாயால் வரவேண்டியது இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேடையில் வந்தும் பிரயோசனம் இல்லை. சனிக்கிழமை முடிந்துவிடும்.

உமக்கு இந்தக் கடிதம் வியாழன் கிடைக்கும். ஒரு நாள் இருக்கிறது.

ஸபியா


ரூஜ்
3 மே, வெள்ளி

ஸபியா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உறையை ஒட்டவும் இல்லை. கௌசி இன்று பார்க்டேலுக்கு வருகிறாள். அவளிடம் கொடுத்து, "ஸபியா அன்ரியிட்டைக் குடுக்கமுதல் நீ வாசி" என்று சொல்லப்போகிறேன். உம்முடைய மூன்று கடிதங்களையும், நான் அடித்து அனுப்பியவற்றின் பிரதிகளையும் இதோடு வைக்கிறேன். கையால் எழுதியது உம்மிடம் இருக்கிறது. அதை அவளுக்குக் காட்டும்.

நேரில் சொல்லாமல் இப்படிச் செய்வது கோழைத்தனம்தான். நேற்று முழுக்க முயன்றேன். அவள் தன் அறையில் அந்த அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. நான் வாசலில் நின்றேன். அவள் திரும்பி, "அம்மா, இந்த வசனம் சரியோ எண்டு பாருங்கோ" என்றாள். அவள் தமிழில் எழுதினால் நான்தான் எப்போதும் பார்ப்பது. பார்த்தேன். ஓர் இடத்தில் சொல் இடறியது. திருத்த என் கை போனது, ஸபியா. பேனையைக் கையில் எடுத்துவிட்டேன். அடுப்பில் ஏதோ எரிகிறது என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன்.

கௌசி, நீ இதை வாசிப்பாய். உன் அப்பா கெட்டவர் என்று நான் எழுதவில்லை. அவர் நம்பினார். நானும் நம்பினேன். நாங்கள் இரண்டு பேரும் நல்லதுக்கென்று நம்பிச் செய்தோம், அதை வடிவாகவும் செய்தோம், உன் ஸபியா அன்ரி பதினெட்டு வருடம் ஆட்களைக் குளிப்பாட்டினாள். நீ பெருமையோடு முன்னுரை எழுதிய அந்தச் சிறுநூலும் என் எழுத்து. அந்த இரண்டு பக்க அறிக்கையும் என் எழுத்து. முதலாவதை எனக்கென்று கேட்க வேண்டுமென்றால் இரண்டாவதையும் நான்தான் ஏற்கவேண்டும்.

வீட்டுக்கு வா. கோபத்தோடு என்றாலும் வா.

குணவதி


பார்க்டேல்
4 மே, சனி பின்னேரம்

குணா,

இதை ஸஜீத்திடம் கொடுத்து அனுப்புகிறேன். தபாலுக்கு நேரமில்லை. போனை எடுத்தால் நீர் அழுவீர், நானும் அழுவேன், காரியம் நடக்காது.

கௌசி பத்திரம். நேற்று என்னோடுதான் நின்றாள். பதினொரு மாடியும் ஏறி வந்திருக்கிறாள், கடிதங்களைப் படிக்கட்டில் இருந்து வாசித்துவிட்டு. மூன்று மணித்தியாலம் அந்தப் படியில் இருந்ததாக ஆறாம் மாடி ஆட்கள் சொன்னார்கள். தண்ணீர் கேட்டாள். பிறகு உம்முடைய கையெழுத்துக் கடிதத்தைக் கேட்டு வாங்கினாள். வாசித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "கதவைத் தட்டினீங்களே அன்ரி, அம்மா உள்ள இருக்கிறா எண்டு தெரியுமோ?" தெரியும் என்றேன். குனிந்து பார்த்தபோது கட்டிலுக்குக் கீழே உம்முடைய செருப்புத் தெரிந்தது, கதவின் கீழ் இடைவெளி பெரிது.

உம்மில் சரியான கோபமாக இருக்கிறாள். தகப்பனில் இருப்பதைவிட உம்மில்தான் கூட. அதை மறைத்து எழுதமாட்டேன்.

இன்று மத்தியானம் கூட்டம். நாற்பது பேர் வந்தார்கள். ரிஸ்மியா பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் பின் வரிசையில் இருந்தாள். அவளுக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்தது. றிச்சர்ட் ஒற்றுமை, கட்டுப்பாடு என்று தொடங்கினார். தொடங்கிவிட்டு, "கௌசி, அந்த அறிக்கையைத் தாரும்" என்று கையை நீட்டினார்.

கௌசி எழும்பவில்லை. கையில் ஒன்றும் இல்லை. அவர் திரும்பவும் கேட்டார்.

"நீங்களே எழுதுங்கோ, றிச்சர்ட் அண்ணை" என்றாள்.

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. றிச்சர்ட் கம்பனி ஆட்களைத் தனியாகச் சந்தித்தது பற்றிப் பேசுவார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒலிபெருக்கியைத் தானாகவே மேசையில் வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் நான்காம் மாடி மனிசி ஒன்று, லிப்ட் எப்போது திருத்துவார்கள் என்று கேட்டது. கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது, நீக்கும் கதை பிறகு எழும்பவில்லை. ரிஸ்மியாவின் வழக்கைக் குழுவே தொடர்ந்து நடத்துகிறது. நான் பிள்ளைகளுக்குப் பிஸ்கட் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

நாளைக்குக் கௌசி வருவாளோ என்று எனக்குத் தெரியாது. அவளைக் கேட்கவும் மாட்டேன். மலரில் கலியாண கேக் வருகிறது, வரட்டும். நான் வருவேன், மேடைக்கு ஏறமாட்டேன். எனக்கு ஒதுக்கிய பத்து நிமிடத்தை உமக்குத் தரச்சொல்லி மலர்க்குழுவுக்கு அறிவித்துவிட்டேன். உம்மைப் பின்னால் வடை எண்ண விடவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஸஜீத் உம்மை ஏற்ற வருவான். நானும் காரில் இருப்பேன். வந்து கதவைத் தட்டுவேன்.

இந்த முறை திறவும்.

ஸபியா